சந்துச் சுவரில் மூன்று விரல்

செங்கல் சுவர்களில் மணலைப் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்த பிறகு ஹார்லனின் கட்டடம் புது மாப்பிள்ளை மாதிரி நின்றது. ஹாலோவே ஊரின் கோர்ட்டைச் சுற்றியிருந்த கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து ஹார்லனின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். அவனுடைய தாத்தாவின் தாத்தா பருத்தி வியாபாரம் செய்த இடம். ஜார்ஜியாவிலேயே இத்தனை பழைய கடைக்கட்டடங்கள் கொஞ்சம்தான் மிச்சம். பாசியும் கரியும் போய்ச் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. ஹார்லனுக்குத்தான் நாலு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தச் செங்கற்களை அறுத்தவர்கள் அடிமைகள். வெயிலில் காயும் பச்சைக் கல்லைப் புரட்டிப் போடுவது பிள்ளைகளின் வேலை. அப்படிப் புரட்டிய ஒரு பிஞ்சுக் கையின் மூன்று விரல் பதிந்த பள்ளம் சந்துப் பக்கச் சுவரில் இருந்தது. அது தங்கள் எள்ளுப்பாட்டி டில்சியின் கை என்று அதே ஊரில் வாழும் கிழவி மிஸ் வெர்டெலின் குடும்பத்தில் பரம்பரையாகச் சொல்லிவருகிறார்கள். டில்சிக்குக் கல்லறை கிடையாது, படம் கிடையாது. வருஷத்துக்கொரு முறை குடும்பம் கூடும்போது, எல்லாரும் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு, அடுப்பில் வேகும் கறியை அப்படியே விட்டுவிட்டு முதலில் இந்தச் சந்துக்குத்தான் வருவார்கள். வரிசையாக நின்று பள்ளத்தில் விரல் வைப்பார்கள். ஹார்லனின் தாத்தா அவர்களை விரட்டியிருக்கிறார். ஹார்லன் குளிர்ந்த தேநீர் கொடுப்பான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

“அந்த ஒரு கல்லு மட்டும் பத்திரம் தம்பி,” என்று போன மாதமே வந்து சொல்லியிருந்தாள் வெர்டெல்.

“இதையெல்லாம் நீங்க சொல்லணுமா மிஸ் வெர்டெல்?” என்றான்.

கல்லை மூட ஒரு பலகைகூட வாங்கி வண்டியில் போட்டு வைத்திருந்தான். மணலடிக்கும் ஆட்கள் முன்பக்கத்தை முடிக்கவே சாயங்காலமாகும், அதற்குள் பலகையை அறைந்துவிடலாம் என்று நம்பிக் கறி தின்னப் போனான். தின்ற இடத்தில் பேச்சு நீண்டது. திரும்பி வந்தபோது சந்துச் சுவரும் பளிச்சென்றிருந்தது. பழைய செங்கலின் மேல்தோல் போனால் உள்ளே வெறும் பொடிதான். வெர்டெலிடம் சொல்ல எத்தனையோ தடவை போனை எடுத்தான், வைத்தான். சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

சனிக்கிழமை, ஹார்லன் காத்து நின்ற சந்துக்குள் மஞ்சள் சட்டைகள் வந்தன. முன்னால் வெர்டெல், அவள் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணன் ஐசம். டெட்ராய்ட்டிலிருந்து வந்திருந்தார். சர்க்கரை வியாதியில் கண் போய்விட்டது.

“வழி முழுக்க இந்தச் சுவத்துப் பேச்சுதான். தொண்ணூறு வயசாகப் போகுது, இன்னும் அடம்,” என்றாள் வெர்டெல்.

“நீ வாய மூடிக்கிட்டு சுவத்தக் காட்டுடி.”

வெர்டெல் அதற்குள் சுவரைப் பார்த்துவிட்டாள். அவள் கால் நின்றுவிட்டது. ஐசம் தானே கையை நீட்டி, பழகிய உயரத்தில் தடவினார். பொடி உதிர்ந்தது.

“இதுதானே? ஏய், வெர்டெல்?”

மறுபடியும் தடவினார்.

“போச்சு போ. இந்தப் பாழாப்போன சர்க்கரை கண்ணத் தின்னுச்சு, இப்ப விரலையும் தின்னுடுச்சு. எனக்குத்தான் பள்ளம் தட்டுப்படல.”

“ஆமாண்ணே,” என்றாள் வெர்டெல், ஹார்லனைப் பார்த்துக்கொண்டே. “உன் விரல்தான்.”

அவள் சொன்ன பொய் அண்ணனுக்காக. ஆனால் அதில் ஹார்லனும் ஒண்டிக்கொள்ளலாம். சும்மா இருந்தால் போதும். அவன் ஐசம் பக்கத்தில் வந்து நின்றான்.

“உங்க விரல்ல ஒரு குறையும் இல்ல ஐயா,” என்றான். “சுவத்துல அது இல்ல. பாத்துக்கறேன்னு சொன்னேன், பாத்துக்கல. நான்தான் அழிச்சிட்டேன்.”

ஐசம் திரும்பவில்லை. கையையும் எடுக்கவில்லை. பக்கத்துக் கல்லில் ஏதாவது விரல் பள்ளம் இருக்கிறதா என்று தடவினார். பிறகு அதற்கடுத்த கல். சிவந்த பொடி அவருடைய வெள்ளைச் செருப்பில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு கல்லையும் விடாமல் அவர் தடவிக்கொண்டே போக, மஞ்சள் சட்டை வரிசையும் அவருக்குப் பின்னால் ஓர் அடி நகர்ந்தது.