ஏமோஸ் திபடோ அணி மாறிய காரணம்

அந்த வீடியோவை ஏமோஸ் திபடோ ஹோட்டல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே பார்த்துத் தொலைத்தான். டொலீடோ நகரத்தில் ஒரு மதுக்கடை வாசல். அவன் பெயரும் எண்ணும் பொறித்த சட்டையைப் பனிச்சேற்றில் விரித்துப் போட்டிருந்தார்கள். ஒருவன் தன் நாயை இழுத்து வந்து அதன்மேல் நிறுத்தினான். சுற்றி நின்ற கூட்டம் கைதட்டி உற்சாகப்படுத்தியது. நாய் முகர்ந்து பார்த்துவிட்டுத் தன் வழியே போய்விட்டது. நாய்க்காரனுக்கு மானம் போனது போலிருந்திருக்க வேண்டும். தானே பேண்டைத் தளர்த்தி அந்த வேலையை முடித்தான்.

ஏமோஸ் தட்டிலிருந்த முட்டையைத் தள்ளி வைத்தான்.

"பாக்காதேன்னு சொன்னேன்ல," என்றார் எதிரே உட்கார்ந்திருந்த கிப் ஹால்ஸ்டெட். ஏமோஸுக்காக அணிகளோடு பேரம் பேசுகிற ஏஜென்ட்.

"அந்த ஊர்லயே விவரமான ரசிகன் அந்த நாய்தான் கிப்."

ஏழு வருஷம் டொலீடோ ஹேமர்ஸ் அணிக்கு அவன் குவார்ட்டர்பேக். களத்தின் நடுவில் நின்று, பந்தை எறிந்து, மொத்த ஆட்டத்தையும் நடத்துகிறவன். காலைவிடத் தோளும் மண்டையும் அதிகம் மோதுகிற அமெரிக்க ஃபுட்பாலில் எல்லோருக்கும் தெரிகிற முகம் அவனுடையதுதான். மார்ச் மாதம் ஒப்பந்தம் முடிந்து, யாருக்கும் கட்டுப்படாதவனாக அவன் சந்தையில் நின்றபோது, டொலீடோக்காரர்கள் போகாதே என்றார்கள். அங்கே கொடுப்பதாகச் சொன்ன பணம் அதிகம். இருந்தும் தெற்கே சான் அன்டோனியோ மஸ்டாங்ஸுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டான். ஏன் என்று இன்றைக்குப் பத்திரிகைக்காரர்களிடம் சொல்ல வேண்டும்.

"மூணே விஷயம் சொன்னாப் போதும்," என்றார் கிப். "குடும்பம். கோப்பை ஜெயிக்கிற வாய்ப்பு. இந்த ஊர் ஜனங்க காட்டுற அன்பு."

"இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்சதே இப்ப காபி ஊத்திட்டுப் போன அம்மாதான்."

"அன்பா ஊத்துனாங்களா இல்லையா? அதைச் சொல்லு."

ஏமோஸ் சிரிக்கவில்லை. போன நவம்பரிலிருந்தே அவனுக்குச் சிரிப்பு சரியாக வருவதில்லை.

நவம்பரில் நடந்தது இதுதான். டொலீடோ அணியில் அவனுக்கு முன்னால் நிற்பவன் சியோனே ஃபாலெட்டாவ். குனிந்து பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் ஏமோஸின் கைக்குத் தள்ளிவிட்டு, பாய்ந்து வருகிறவர்களைத் தன் உடம்பால் மறிக்கிற வேலை அவனுக்கு. சமோவா தீவிலிருந்து வந்தவன். கதவை அடைக்கிற ஆகிருதி, பேச்சில் குழந்தை. சனிக்கிழமைதோறும் இரண்டு குடும்பங்களும் சேர்ந்துதான் சாப்பிடும்.

அன்றைய ஆட்டத்தில் எதிரணிக்காரன் ஒருவனின் மண்டை சியோனேயின் மண்டையில் மோதியது. எழுந்தவன் தங்கள் அணியை விட்டுவிட்டு எதிரணியின் பக்கம் நடந்தான். ஏமோஸ் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினான்.

"டேய், எங்கடா போற?"

"மிக்கா, வண்டிய எங்க நிறுத்தியிருக்க?" என்றான் சியோனே. மிக்கா அவனுடைய அண்ணன். அண்ணன் இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

அடிபட்டவர்களைக் கவனிக்கிற டிரெய்னர் வேட் ஸ்ட்ரிக்லர் அவனை ஓரத்துக்குக் கூட்டிப்போனார். தலையில் அடிபட்டால் ஆளை மைதான ஓரத்தில் போட்டிருக்கும் கூடாரத்துக்குள் உட்காரவைத்துச் சோதிக்க வேண்டும். தேறாதவன் அன்றைக்கு ஆடக்கூடாது. அதைக் கண்காணிக்க, போட்டிகளை நடத்துகிற லீக் அனுப்பிய ஆள் ஓடிவந்து கேட்டபோது, ஸ்ட்ரிக்லர் வாயிலிருந்த புகையிலைச் சாற்றைக் காகிதக் கோப்பையில் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"தலைக்கெல்லாம் ஒண்ணுமில்ல சார். ஹெல்மெட் வார் அறுந்துடுச்சு. மாட்டிக்கிட்டிருக்கேன்."

பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஏமோஸின் காதில் அது விழுந்தது. வார் அறுந்திருக்கவில்லை. "இவனுக்கு என் பேரே தெரியலை கோச்" என்று அவன் கத்தினான். பயிற்சியாளர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி களத்துக்குள் விட்ட பின் மூன்றாவது மோதலில் சியோனே விழுந்தான். விழுந்த இடத்திலேயே ஹெல்மெட்டுக்குள் வாந்தி எடுத்தான். முகக் கம்பிகள் வழியாக அது வழிந்ததை ஏமோஸ் மண்டியிட்டுத் தன் கையால்தான் துடைத்தான். அரங்கம் பாடிக்கொண்டிருந்தது. அவர்கள் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள்.

அதன்பின் சியோனே களத்துக்குத் திரும்பவில்லை. ஏமோஸ் பயிற்சியாளரிடம் போனான், மேலாளரிடம் போனான். பார்க்கிறோம் என்றார்கள். பார்த்து முடித்து, பிப்ரவரியில் சியோனேயை அணியிலிருந்து விடுவித்தார்கள். நிர்வாகம் அவனுக்கு ஒரு பூங்கொத்து அனுப்பியது. ஸ்ட்ரிக்லரும் எங்கோ வேறு வேலைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டபோது, துரத்திவிட்டார்கள் போலும் என்று ஏமோஸ் நினைத்தான். அது ஒன்றுதான் அவனுக்கு ஆறுதலாக இருந்தது.

சான் அன்டோனியோ அணியின் பயிற்சி நிலையத்தில் உரிமையாளரான லூயெல்லா கட்பர்ட் அம்மையாரே வாசலில் நின்று வரவேற்றார். எழுபதைத் தாண்டிய விதவை. எண்ணெய்க் கிணற்றுப் பணம். காலில் நீல நிறப் பூட்ஸ்.

"வா கண்ணு. வெயில் எப்படி? அந்தக் குளிர்ல கிடந்து விறைச்சுப் போயிருப்பே."

"நல்லா இருக்கு மேடம்."

உடற்பயிற்சிக்கூடம், நீச்சல்குளம், மாட்டிறைச்சி புகையில் வெந்துகொண்டிருந்த சமையலறை எல்லாவற்றையும் அவரே சுற்றிக் காட்டினார். கடைசியில் ஒரு கண்ணாடிக் கதவின் முன்னால் நின்று கண்சிமிட்டினார்.

"புது ஊருக்கு வந்திருக்கே, பழகின முகம் ஒண்ணாவது இருக்கட்டுமேன்னு ஒரு ஏற்பாடு பண்ணி வச்சிருக்கேன்."

கதவைத் திறந்ததும் வலி மருந்தின் கார நெடி மூக்கில் ஏறியது. உள்ளேயிருந்து கையில் காகிதக் கோப்பையோடு வேட் ஸ்ட்ரிக்லர் வந்தார்.

"என்ன சிங்கம்! மறுபடியும் என்கிட்டயே வந்து மாட்டிக்கிட்டியா?"

சொல்லிக்கொண்டே ஏமோஸை இழுத்துக் கட்டிக்கொண்டார். அந்தக் கை முதுகில் தட்டியபோது ஏமோஸின் தோலெல்லாம் கூசியது. அம்மையார் இருவரையும் பார்த்துப் பூரித்து நின்றார். ஸ்ட்ரிக்லரின் உதட்டோரத்தில் புகையிலைத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. அதிலிருந்து ஏமோஸால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"ஒரு நிமிஷம் மேடம்," என்று கழிவறைக்குப் போனான். கையைக் கழுவினான். கழுத்தைக் கழுவினான். சட்டையைக் கழற்றிப் பிழிந்துவிடலாம் போலிருந்தது. பின்னாலேயே கிப் வந்து கதவைச் சாத்தினார்.

"தெரியுமா உங்களுக்கு?" என்றான் ஏமோஸ்.

கிப் தரையைப் பார்த்தார். "போன வாரம்தான் தெரிஞ்சுது. சொன்னா நீ கையெழுத்துப் போட்டிருக்க மாட்டே."

"த்தூ."

"துப்பு. நல்லாத் துப்பு. ஆனா இங்கயே துப்பிட்டுப் போ. அங்க மைக் முன்னாடி வேணாம். லீக் முழுக்க எந்த அணிக்கு வேணாலும் போய்ப் பாரு, இவனை மாதிரி ஒருத்தன் இருப்பான்."

"இதுக்குப் பேரு ஆறுதலா கிப்?"

கிப்பை வெளியே அனுப்பிவிட்டு ஏமோஸ் சியோனேயைக் கூப்பிட்டான். எடுத்தது சியோனேதான். வெளிச்சம் பட்டால் தலை வெடிக்கும் என்பதால் திரைச்சீலையை இழுத்துவிட்ட அறையில்தான் அவன் பகலைக் கழிக்கிறான். பின்னால் அவன் மகள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

"ஸ்ட்ரிக்லர் இங்க இருக்கான்டா."

 அந்தப் பெயர் சியோனேயின் நினைவில் இருந்தது.

"உன்னைக் கட்டிப் பிடிச்சானா?"

"பிடிச்சான்."

"எல்லாரையும் பிடிப்பான் நாய்ப்பய."

"நான் பேசப் போறேன். உன் பேரைச் சொல்லலாமா? வேணாம்னா விட்டுடறேன்."

மகளை வெளியே போகச் சொல்லும் குரல் கேட்டது. பிறகு சியோனே மெதுவாகச் சொன்னான்: "சொல்லு. ஆனா பாவம்னு மட்டும் சொல்லிடாதே. பாவப்பட்ட மூஞ்சியெல்லாம் வச்சுக்காத. நான் நல்லா ஆடுனவன். அதையும் சேத்துச் சொல்லு."

மேடையில் ஏமோஸுக்கு ஒரு பக்கம் அம்மையார், மறு பக்கம் புதுப் பயிற்சியாளர் ஹார்லன் பீக். அறை நிறையக் கேமராக்கள். சுவரோரம் கைகட்டி நின்ற ஊழியர்களில் ஸ்ட்ரிக்லரும் ஒருவர்.

முதல் கேள்வியே அதுதான். ஏன் வந்தீர்கள்?

"வந்ததைப் பத்தி அப்புறம் சொல்றேன்," என்றான் ஏமோஸ். "ஏன் கிளம்பினேன்னு முதல்ல சொல்றேன். எனக்கு முன்னாடி சியோனே ஃபாலெட்டாவ்னு ஒருத்தன் நின்னான். இந்த லீக்லயே அவன் மாதிரி மறிக்கிறவன் கிடையாது. நான் இன்னிக்கு ரெண்டு முழங்காலோட இங்க உக்காந்திருக்கேன்னா அவன்தான் காரணம். நவம்பர்ல அவன் மண்டையில அடிபட்டுது. செத்துப்போன அண்ணன்கிட்ட வண்டி எங்கேன்னு கேட்டான். அவனைச் சோதிக்காம, ஹெல்மெட் வார் அறுந்துடுச்சுன்னு பொய் சொல்லித் திருப்பி உள்ள அனுப்பினாங்க. வார் அறுகலை. நான் பக்கத்துல நின்னேன். அவன் வாந்தியை நான்தான் துடைச்சேன். அதுக்கப்புறம் எனக்கு அந்தச் சட்டையைப் போடவே குமட்டுச்சு. அதான் கிளம்பினேன்."

அம்மையாரின் சிரிப்பு முகத்தில் அப்படியே உறைந்திருந்தது.

"அந்தப் பொய்யைச் சொன்னவர் இப்ப இந்த அணியில வேலை பாக்கறார். அரை மணி நேரம் முன்னாடிதான் எனக்குத் தெரிஞ்சுது. அதோ, சுவரோரமா நிக்கறார். அவர் கை இனிமே என் மேல படாது. இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது."

கேமராக்கள் மொத்தமாகச் சுவர்ப் பக்கம் திரும்பின. ஸ்ட்ரிக்லர் கோப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு பக்கக் கதவு வழியாக வெளியேறினார். யாரோ இருமினார்கள். முன்வரிசையில் ஒரு பத்திரிகைக்காரர் கையைத் தூக்கினார்.

"ஏமோஸ், இங்க எந்த நம்பர் சட்டை போடப் போறீங்க?"

ஏமோஸ் அந்த மனிதரையே பார்த்தான். நல்ல சட்டை, நல்ல கண்ணாடி, உண்மையான ஆவல். டொலீடோ மதுக்கடை வாசலில் பேண்டைத் தளர்த்தியவன் இவரைவிடத் தேவலை என்று பட்டது. மைக்கைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

நடைவழியில் அம்மையார் பிடித்துக்கொண்டார்.

"என் வீட்டு விருந்துக்கு வந்து என் தட்டுலயே துப்பிட்டியே கண்ணு."

"நான் துப்பலை மேடம். ஏற்கெனவே கிடந்ததைக் காட்டினேன்."

"என்கிட்ட யாரும் சொல்லலை."

"நீங்க யாரையாவது கேட்டீங்களா மேடம்?"

அவர் திரும்பித் தன் அறைக்கு நடந்தார். ஆனால் அந்த வார முடிவில் ஸ்ட்ரிக்லரின் பெயர் அறைக் கதவிலிருந்து போய்விட்டது. வேலையிலிருந்து நீக்கவில்லை, மாடியில் ஜன்னல் வைத்த பெரிய அறையில் ஏதோ ஆலோசகர் பதவி. லீக் விசாரணை என்றது. டொலீடோ நிர்வாகம், பழைய வீரர் ஒருவரின் கற்பனை என்றது. புதிதாக வந்த டிரெய்னர் இனெஸ் கராசா, சிரிக்கவே தெரியாத பெண்.

கோடையில் பயிற்சி தொடங்கியதும் வீரர்கள் ஒவ்வொருவராக ஏமோஸிடம் வந்தார்கள். குளிக்கிற இடத்தில், வண்டி நிறுத்துமிடத்தில், சாப்பாட்டு வரிசையில். ஒருவனுக்கு எலும்பு முறிந்த காலில் வலி மரக்க ஊசி போட்டு ஓடவிட்டிருக்கிறார்கள். இன்னொருவனிடம் எலும்புப் படத்தையே காட்டவில்லை. சொல்லிவிட்டு, "வெளிய சொல்லிடாதப்பா" என்று போய்விடுவார்கள். அவர்களுக்குப் பாரம் இறங்கியது, இவனுக்கு ஏறியது. சில நாள் சாப்பாட்டு வரிசையிலிருந்து பாதியில் விலகிப்போய்விடுவான்.

செப்டம்பரில் சொந்த மைதானத்தில் மூன்றாவது ஆட்டம். ஒரு புள்ளி முன்னிலை. அவனுக்கு முன்னால் நின்று பந்தைத் தள்ளித் தருகிற ஷெல்பி ஓக்ஸ் மண்டையில் அடிவாங்கி எழுந்தான். கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கராசா அவனைக் கூடாரத்துக்குள் அழைத்துப்போய், திரும்பி வந்து தலையை ஆட்டினாள்.

"ஆட முடியாது."

பீக் கோச் அவளைப் பார்க்கவில்லை, ஏமோஸைத்தான் பார்த்தார். "சந்தோஷமாடா?" என்றார்.

மாற்று ஆள் அனுபவம் இல்லாதவன். அவன் தள்ளிவிட்ட முதல் பந்தே ஏமோஸின் கைக்கு வராமல் தரையில் உருண்டது. எதிரணி அள்ளிக்கொண்டு ஓடியது. தோற்றார்கள். உடைமாற்றும் அறைக்குப் போகிற சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது மேலே ரசிகர் வரிசையிலிருந்து பியர் வந்து அவன் கழுத்தில் விழுந்தது. "டொலீடோவுக்கே ஓடுறா துரோகி!" என்று கத்தியவர் தன் பேத்தியைத் தோளில் உட்காரவைத்திருந்தார். பேத்தியும் கத்தினாள்.

உடைமாற்றும் அறையின் கோடியில், விளக்கணைத்த மூலையில், தலையில் ஈரத் துண்டோடு ஷெல்பி உட்கார்ந்திருந்தான்.

"ஜெயிச்சோமா?"

"இல்ல."

"ச்சே. உன்னாலதான்டா."

"ஆமா," என்றான் ஏமோஸ்.

"என்னை உள்ள விட்டிருந்தா ஜெயிச்சிருப்போம்."

"என் பேர் என்ன, சொல்லு பாப்போம்."

ஷெல்பி துண்டுக்கடியிலிருந்து நிமிர்ந்து பார்த்தான். வாய் அசைந்தது. கொஞ்ச நேரம் தேடினான். பிறகு மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டான்.

ஏமோஸ் கழுத்திலிருந்த பியரைத் துடைக்காமலே அவன் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தான். கராசா வாளி ஒன்றைக் கொண்டுவந்து ஷெல்பியின் காலடியில் வைத்துவிட்டு, மருத்துவ வண்டி வந்துகொண்டிருக்கிறது என்றாள்.