பஸ்தியான் கோஷ்டி நிறுத்திய மூன்று நிமிடம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது மெக்சிக்கோக் கதையாக இருந்திருக்க வேண்டியது. யூடியூபில் பார்த்தேன்: ஒரு தகப்பன், மூன்று மகன்கள், ஒரு மகள். கல்யாண வீடுகளில் வாசிக்கத் தொடங்கி விளையாட்டரங்கை நிரப்பிவிட்டார்கள். ஆசையாக எழுத உட்கார்ந்தேன்.

'மெக்சிக்கோவின் வடக்கே, புழுதி பறக்கும் ஒரு தெருவில்...'

(இத்தோடு நின்றது. அந்தத் தெருப் பேக்கரியில் பாண் என்ன விலை என்றுகூட எனக்குத் தெரியாது.)

என் மனைவி நிஃப்லா எட்டிப் பார்த்தாள்.

"மதுரங்குளிய விட்டு மன்னாருக்கும் போகாத மனிசன், மெக்சிக்கோவுக்கு எப்பிடிப் போனீங்க?"

அல்லாஹ்வே, என்ன வாய்!

2

ஆகவே குடும்பத்தை எங்கள் கரையிலுள்ள கற்பிட்டிக்குக் கொண்டுவந்தேன். தகப்பன் பஸ்தியான், அக்கோடியன். மகன் சஜீவன், ட்ரம். மகள் அல்பொன்சா பாடுவாள். (தாயை முதல் வரைவில் சாகடித்திருந்தேன். பாவம், அவள் என்ன குற்றம் செய்தாள்? இப்போது வீட்டில் சுகமாக இருக்கிறாள்.)

மாதா கோயில் திருநாள், கல்யாணம், தேர்தல் வெற்றி எல்லாவற்றுக்கும் இவர்கள்தான். ஆனாலும் வயிறு நிரம்பவில்லை. அல்பொன்சாவுக்குக் குவைத்தில் வீட்டு வேலைக்கு விசா வந்துவிட்டது. போக அவளுக்குத் துளியும் விருப்பமில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு கடற்கரை ஹோட்டல் ஆறு மாதச் சீசனுக்கு இசைக்குழு தேடியது. தேர்வு கொழும்பில், ஐந்தே நிமிடம். எடுபட்டால் அவள் போகத் தேவையில்லை.

3

தேர்வின் இரண்டாவது நிமிடம், ஹோட்டல் மேனேஜரின் போனில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலித்தது. மூவரும் சட்டென்று நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் கரையில் அதுதான் வழக்கம். பாங்கு கேட்டால் எந்த வாத்தியமும் அடங்கும், வாசிப்பவர் யாராக இருந்தாலும். மேனேஜர் பதறிப்போய் போனை அணைத்தார். பஸ்தியான் அசையவில்லை.

"அப்பா, அது போன்தானே!" அல்பொன்சாவுக்கு அழுகை முட்டியது. "நேரம் போகுது!"

"போனெண்டாலும் பாங்குதானே மகள். பாங்கு முடியிற நேரம் வரட்டும்."

மூன்று நிமிடம் போனது.

4

முதலில் எழுதிய முடிவு: மேனேஜர் அடுத்த குழுவைக் கூப்பிடுகிறார். விமான நிலையம். அல்பொன்சா ஒருமுறை திரும்பிப் பார்க்கிறாள், அவளுடைய கண்களில்

(நல்ல இலக்கியம் என்று நினைத்தேன்.)

நிஃப்லாவுக்கு வாசித்துக் காட்டினேன். எழும்பிக் குசினிக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள்.

"நாலு வருசம் நான் குவைத்துல இருந்தேன். அந்தப் புள்ளய அனுப்பாதீங்க."

எனக்குத் தெரியாததா? தெரியும். எழுதும்போது மறந்திருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது.

5

ஆக, இப்படி: மூன்று நிமிடம் முடிந்ததும் பஸ்தியான் தலையை அசைத்துச் சைகை காட்டவுமில்லை. விட்ட எழுத்திலேயே அல்பொன்சா பாட்டை எடுத்தாள்; ட்ரம்மும் அக்கோடியனும் அதே கணத்தில் சேர்ந்தன. நேரம் முடிந்திருந்தும் மேனேஜர் தடுக்கவில்லை. பாட்டு முடிந்ததும் சொன்னார்:

"காலையில இருந்து வந்த ஒரு கோஷ்டிக்கும் ஒண்டா தொடங்கவே தெரியல்ல. நீங்க ஒண்டா நிறுத்தினீங்க, ஒண்டா எடுத்தீங்க. வெள்ளிக்கிழமை வந்துருங்க."

அப்பாடா! எழுதிவிட்டு நானே இரண்டு கோப்பை தேத்தண்ணீர் ஊற்றினேன்.

முடிவு வசதியாக இருக்கிறதென்று முறைக்கிறீர்களா? சரி, மாற்றிக்கொள்ளுங்கள், தடையில்லை. ஆனால் அல்பொன்சாவை விமானத்தில் ஏற்றுவதென்றால், எழுதியதை நிஃப்லாவின் முகத்தைப் பார்த்து நீங்களே வாசித்துக் காட்ட வேண்டும். என்னால் இரண்டாம் முறை முடியாது.