திரைக்கு வெளியே

பாடை தெருமுனை திரும்பியதும் முத்தம்மா வாசலில் முதல் குடம் தண்ணீரைக் கவிழ்த்தாள். "அழுதது போதும். தலைக்கு ஊத்திக்கினு வா," என்று தம்பி பெண்டாட்டி பொன்மணியைத் தூக்கி நிறுத்தினாள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகக்கூடாதாம். பெற்ற மகளை வாசலோடு அனுப்பிவிட்டு வீட்டைக் கழுவ வேண்டுமாம், என்ன நியாயமோ!

போனவள் தமிழ்நிலா. இருபது வயது, தி. நகரில் துணிக்கடை வேலை. தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள் என்று மயிலாப்பூரின் அந்தத் தெருவுக்கே தெரியும். ஆனாலும் வந்தவர்களெல்லாம், "வயித்து வலியாமே," என்றார்கள்.

அந்த வயிற்று வலிக் கதையைக் கட்டிவிட்டவளே பொன்மணிதான். மூன்று வாரத்துக்கு முன் தமிழ்நிலா முதல் தடவை முயன்றபோது, அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடிப் பிழைக்க வைத்தவளும் அவளேதான். நர்ஸ் ஜமீலுன்னிசா, "பொண்ணுகிட்ட தனியா பேசணும், கொஞ்சம் வெளிய இருங்கம்மா," என்றாள்.

"எனக்குத் தெரியாத ரகசியம் இன்னா கீது அவளாண்ட? வயித்து வலிக்கு மாத்திர போட்டா, ஜாஸ்தியாயிடுச்சு. அவ்ளோதான்."

மகளின் கையை விடாமல் எல்லாக் கேள்விக்கும் அவளே பதில் சொன்னாள். தமிழ்நிலா ஒருமுறை வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். மனநல டாக்டரிடம் காட்டினோம் என்றால் எவன் கட்டுவான்? "திங்கக்கிழமை கண்டிப்பா கூட்டினு வாங்க. நடுவுல எப்ப வந்தாலும் பார்ப்போம்," என்று ஜமீலுன்னிசா கொடுத்த சீட்டு ரேஷன் கார்டு உறைக்குள் போனது. அத்தோடு சரி.

பொன்மணி தலையில் ஊற்றிக்கொண்டு ஈரப் புடவையோடு உள்ளே வந்தாள். சின்னவள் தேன்மொழி, பதினாறு வயது, சுவரோரம் உட்கார்ந்து கொலுசைக் கழற்றிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கழற்றிய கொலுசை முத்தம்மாவின் மகளிடம் நீட்டினாள்.

"நீ வச்சிக்கோ. எனக்கு வேணாம். என் போனும் உனக்குத்தான்."

பிழிந்துகொண்டிருந்த முந்தானையைப் பொன்மணி அப்படியே விட்டாள். அது தமிழ்நிலாவின் கொலுசு. போன வாரம் இதே சுவரோரம் உட்கார்ந்து, இதே மாதிரி, "நீ வச்சிக்கோ," என்று தங்கைக்குக் கொடுத்தாள். பொன்மணி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பெரிய மனசு வந்துவிட்டது பார் என்று சிரிக்கக்கூடச் செய்தாளே, பாவி!

கொலுசைப் பிடுங்கி முந்தானையில் முடிந்தாள். ரேஷன் கார்டு உறையை உதறிச் சீட்டை எடுத்தாள். "எந்திரி தேனு."

"எங்க போற? விளக்குகூட ஏத்தல. தீட்டோட வாசப்படி தாண்டுவியா?" முத்தம்மா கதவை மறித்தாள். "கொள்ளி வச்சுட்டு ஆம்பளைங்க வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?"

"ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லு. வயித்து வலின்னு மட்டும் சொல்லாத."

ஆட்டோவில் தேன்மொழி சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள். எதிர்த்து நாலு வார்த்தை பேசியிருந்தால்கூடப் பொன்மணிக்குத் தெம்பாக இருந்திருக்கும். சிக்னல் விழுந்த இடத்திலெல்லாம் மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஜமீலுன்னிசா சீட்டைப் பார்த்தாள், சொட்டும் தலைமுடியைப் பார்த்தாள். பெரியவள் எங்கே என்று கேட்கவில்லை. தேன்மொழியைக் கட்டிலில் உட்காரவைத்து, "என்ன ஆச்சும்மா?" என்றாள்.

தேன்மொழி வழக்கம்போல அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பொன்மணியின் நாக்கு நுனி வரை பதில் வந்துவிட்டது.

"பெரியவளுக்குப் பதிலா நான்தான் பேசினேன்," என்றாள். "இவளே சொல்லட்டும்."

மணிக்கட்டை விட்டாள். வெளியே வந்து பச்சைத் திரையைத் தன் கையாலேயே இழுத்து மூடினாள். உள்ளே நாற்காலி நகர்ந்தது. பிறகு மெல்ல ஆரம்பித்து, காலையிலிருந்து வராத அழுகை வந்தது.

பொன்மணியின் கை திரைவரை போனது. திரும்ப வந்து முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டது.

"இங்க நிக்காதம்மா, வழிய வுடு," என்றான் வாட்ச்மேன்.

அவள் ஓரடி தள்ளி நின்றாள். புடவை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.