ஹாஜராவின் முப்பத்தெட்டு மார்க்

1

இது நானாக யோசித்த கதை அல்ல. மேலூரிலிருந்து வந்த, பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓடும் கரிவாயு பஸ் வழியில் நின்றுபோய், டிரைவர் அடுப்பைக் கிண்டிக்கொண்டிருந்த அரைமணி நேரத்தில், பக்கத்து சீட்டு பாதுஷா தன் அக்காவைப் பற்றிச் சொன்னது. முதல் வரைவில் அந்த அக்காவை ஆணாக்கிவிட்டேன். எழுதச் சுலபமாக இருந்தது. நாலு பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. ஆணாகிவிட்டவனைத் தடுக்க யாருமே இல்லை.

2

1937. மதுரை மாசி வீதியில் வெயில் ஏறிக்கொண்டிருந்த

(வேண்டாம். வெயிலுக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை.)

ஹாஜராவுக்குப் பத்தொன்பது வயது. அத்தா பூட்டுக்கடை வைத்திருந்தார். இன்டர்மீடியட்டில் பாஸாகிவிட்டாள். ஆனால் பௌதிகத்தில் முப்பத்தெட்டு, ரசாயனத்தில் நாற்பத்தொன்று. மருத்துவக் கல்லூரிக்குப் போட்ட விண்ணப்பம் திரும்பி வந்தது.

அவள் மக்கு அல்ல. சோதனைச்சாலையில் பதினேழு பையன்களுக்குப் பின்னால் அவளை நிறுத்தியிருந்தார்கள். முன்னால் நின்றவன் கத்திச் சொன்ன அளவுகளைக் குறித்துக்கொண்டாள். இரண்டு வருஷத்தில் தராசை ஒரே ஒரு தடவை தொட்டாள், அதுவும் துடைத்து வைப்பதற்கு.

பரீட்சையை மறுபடி எழுதப்போவதாகக் கல்லூரியில் போய்ச் சொன்னாள். பாஸானதே கல்யாணத்துக்குப் போதுமே என்றார் பிரின்சிபால். சனிக்கிழமைகளில் சோதனைச்சாலையைத் திறந்துவிட வேண்டுமென்று மனு எழுதிக் கொடுத்தாள். மறுத்தார்கள். சனிதோறும் போய்ப் பூட்டிய கதவருகே நின்றாள். ஐந்தாம் சனிக்கிழமை கதவைத் திறந்துவிட்டார்கள். பார்க்கச் சகிக்காமல்தான் திறந்திருப்பார்கள் என்பது பாதுஷாவின் கட்சி.

3

ஹாஜராவின் அம்மா சைனப்பை எதிரியாக்கப் பார்த்தேன். கதைக்கு வசதி. அவர் ஒத்துவரவில்லை.

பழங்காநத்தத்து வயலில் பிடித்த தவளையை, டாக்டர் படிப்புக்குக் கை பழக, ஹாஜரா அடுப்படிப் பலகையில் அறுத்தபோது சைனப் கத்தியது உண்மை. அந்தக் கையால் சோற்றுப்பானையைத் தொடக்கூடாது என்றார். பிறகு குனிந்து பார்த்தார்.

"ஈரல் எது?"

ஹாஜரா கத்தி முனையால் தேடினாள். புத்தகத்துப் படத்தில் இருந்ததுபோல் எதுவும் இல்லை.

"இதுதான்டி. ஆட்டுக்குள்ள இருக்கது அம்புட்டும் இதுக்குள்ளயும் இருக்கு, சிறுசா. கத்தியை ஏன் இப்படிப் பயந்து பிடிக்கிற?"

(இங்கே ஒரு தாய்ப்பாசப் பத்தி இருந்தது. அடித்துவிட்டேன்.)

4

மறு தேர்வில் பௌதிகம் எழுபத்துநாலு, ரசாயனம் எழுபத்தொன்று. சென்னை மருத்துவக் கல்லூரியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் இரண்டு மார்க் பட்டியல்களையும் அருகருகே வைத்தார். ஒரே வருஷத்தில் இப்படி ஏறுமா, யாராவது உதவினார்களா என்று கேட்டார். கேள்வியின் அடியில் என்ன கிடந்தது என்று அவளுக்குப் புரிந்தது.

"போன தடவை எனக்கு முன்னாடி பதினேழு பேர் நின்னாங்க. இந்தத் தடவை யாரும் நிக்கல. சந்தேகம்னா இப்பவே ஒரு தராசு கொண்டாரச் சொல்லுங்க."

(இங்கிலீஷில்தான் சொன்னாள். மதுரைப் பேச்சுக்கு மாற்றியது நான்.)

தராசு வரவில்லை. இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்றார் ஓரத்தில் இருந்தவர். ஏதோ ஆறுதல் சொல்லத் தயாரானவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

"அடுத்த வருஷம் எண்பதோட வாரேன்."

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் இடம் கிடைத்தது, தெருவெல்லாம் சர்க்கரை. இன்னொன்றில் கிடைக்கவில்லை, வாசகர்களுக்குக் கண்ணீர். இரண்டிலும் கடைசிச் சொல் அந்த மூன்று பேருடையதாகவே இருந்தது. கிழித்துவிட்டேன்.

உண்மை முடிவைப் பாதுஷா சொல்லத்தான் செய்தார். நான் எழுதப்போவதில்லை. கோபம் வந்தால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இதுவரைதான்: ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போனவள் முகம்கூடக் கழுவவில்லை. சென்னையிலிருந்து கடிதம் வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதற்குள் காகிதத்தை எடுத்து, அடுத்த வருஷப் பரீட்சைக்கு மனு எழுத உட்கார்ந்தாள்.