குளிரில் நின்ற லொறி

பார்க்க ஆட்கள் வருகிற நாட்களில் ஈஸ்வரமூர்த்தி விடியும் முன்பே ஷெட்டுக்கு வந்து எஞ்சினை ஓடவிட்டுவிடுவான். வந்தவர்கள் முன்னால் எஞ்சின் குளிர்ந்துபோய் நிற்கக் கூடாது என்பது முதலாளி ட்ரெவரின் கட்டளை. கேம்ப்பெல்ஃபீல்டில் தகரக் கூரை போட்ட ஷெட் அது. வெளியே இருப்பதைவிட உள்ளே குளிர் அதிகம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்று இரும்புச் சட்டத்தில் பூட்டப்பட்டு நின்றது. இந்தப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி, காலடியில் சின்ன ஹீட்டர்.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் குலுங்கி, இருமி, வெள்ளைப் புகையைத் தள்ளியது. திரையில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு மேடு எழும்பும். உள்ளே டீசல் எவ்வளவு பலமாக எரிந்தது என்பதன் படம் அது. காலையில் அந்த மேடுகளைப் பார்க்கச் சகிக்காது. ஒன்று உயரம், ஒன்று குட்டை, ஒன்று எழும்பவே எழும்பாது. சூடேறச் சூடேற ஆறும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். அப்புறம் ட்ரெவர் காபியும் கையுமாக ஆட்களைக் கூட்டிவந்து, ஓடுகிற எஞ்சின்மேல் ஒரு டாலர் காசைக் குத்தாக நிறுத்திக் காட்டுவார். காசு விழாது. வந்தவர்கள் சிரிப்பார்கள். ஈஸ்வரமூர்த்தியும் சிரிப்பான், வாங்குகிற சம்பளத்தில் அதுவும் சேர்த்தி.

அவர்கள் விற்பது ஒரு பெட்டி. பழைய லாரிகளில் பொருத்தினால், வெளியே போகும் புகையில் கொஞ்சத்தைத் திருப்பி எஞ்சினுக்குள்ளேயே விடும். உள்ளே எரியும் சூடு தணிந்து விஷவாயு குறையும். அளவு மிஞ்சினால் டீசல் சரியாகப் பற்றாது, எஞ்சின் திக்கும். எந்த அளவு வரை போகலாம் என்று கண்டுபிடித்துப் பெட்டிக்குள் எழுதிவைப்பதுதான் ஈஸ்வரமூர்த்தியின் வேலை. கோயம்புத்தூரில் படித்ததும் அதுதான், அவனுக்குப் பிடித்ததும் அதுதான்.

குளிர்காலக் காலைகளில் எஞ்சின் சூடாகும் வரை அந்தப் புகை வழியை மூடிவைக்க வேண்டும். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பெரிய கிடங்குகளின் வாசலில் லாரிகளின் புகையை அளப்பதே காலையில்தான். வழியை மூடினால் அளவு எகிறிவிடும், லாரி உள்ளே போக முடியாது. பெட்டியை யார் வாங்குவார்கள்? "திறந்தே இருக்கட்டும்" என்றார் ட்ரெவர். ஈஸ்வரமூர்த்தி ஒரு தடவை, அதுவும் பாதிக் குரலில், இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது என்றான். "குளிர்காலத்துக்கு இன்னும் நாள் இருக்கு மேட்" என்று சிநேகிதனைப்போல முதுகில் தட்டிவிட்டுப் போனார் அவர். நிரந்தர விசாவுக்கு ஸ்பான்ஸர் செய்கிற கை அது. முதுகில் பட்டால் நிமிர்ந்து நிற்கத்தான் வேண்டியிருந்தது.

பொனிபஸ் வந்தது வெயில் காலத்தில். ஐம்பது தாண்டிய ஆள். கிரெய்கிபர்னில் வீடு, சொந்தமாக ஒரு பழைய லொறி, விடிகாலையில் கிடங்கிலிருந்து கடைகளுக்குப் பால் ஏற்றுகிற வேலை. பெட்டி பொருத்தாத பழைய லொறிகளை இனி உள்ளே விடமாட்டோம் என்று கிடங்கில் சொல்லிவிட்டார்கள். ட்ரெவர் பேசப் பேசத் தலையாட்டிக்கொண்டிருந்தவர், ஈஸ்வரமூர்த்தியின் சட்டையிலிருந்த பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"தமிழே தம்பி?"

"ஆமாங்ண்ணா. கோயம்புத்தூர்."

"அப்ப சரி. நான் மன்னார். இந்த மனிசன் சொன்னதில பாதி எனக்கு விளங்கேல்லை. நீங்கள் சொல்லுங்கோ, பெட்டியை நம்பிப் பூட்டலாமே?"

"குளிர்ல மொதல்ல கொஞ்சம் அடம் புடிக்குங்ண்ணா. மத்தபடி…"

"நானும் அப்பிடித்தான்!" என்று பொனிபஸ் வாய்விட்டுச் சிரித்தார். "விடிய எழும்ப மனிசி நாலுதரம் கத்தவேணும். சரி, பூட்டுவம். உங்கட சொல்லை நம்பித்தான் பூட்டுறன்."

அந்த 'மத்தபடி'க்குப் பிறகு வரவேண்டியிருந்தது வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பழக்கமாகிவிட்டது. பொனிபஸின் மனைவி மாக்கிறேட் அக்கா மீன் குழம்பு வைத்தால் ஈஸ்வரமூர்த்தியின் மனைவி கிரிஜாவுக்கு ஒரு டப்பா வரும். கிரிஜா கொள்ளுப் பருப்பு கடைந்தால் அங்கே ஒரு கிண்ணம் போகும்.

இந்த நாட்டில் குளிர்காலம் தொடங்குவது ஜூனில். ஜூன் பிறந்து குளிர் இறங்கியதும் போன் வரத் தொடங்கியது. "தம்பி, விடியக் காலமை லொறி நடுங்குது. பச்சத்தண்ணியில குளிச்ச பிள்ளை மாதிரி நடுங்குது." கொஞ்ச நேரம் ஓடவிட்டு எடுக்கச் சொன்னான் ஈஸ்வரமூர்த்தி. அப்படியே செய்தார். தெருவெல்லாம் வெள்ளைப் புகை என்று பக்கத்து வீட்டுக்காரி நகர கவுன்சிலில் புகார் சொல்லிவிட்டாள். பிறகு ஒருநாள், ரிங் ரோட்டில் ஏறுகிற சரிவில், பின்னால் வாகனங்கள் ஹார்ன் அடிக்க அடிக்க, லொறி நின்றே போனது. கடைகளுக்குப் பால் போய்ச் சேரவில்லை. கிடங்கில் எச்சரித்தார்கள். அடுத்த வாரமும் நின்றது. இன்னொரு தடவை நின்றால் இந்தப் பக்கமே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஈஸ்வரமூர்த்தி மறுபடியும் ட்ரெவரிடம் போனான். அந்த வழியைக் குளிரில் மூடிவிடலாம், அரை நாள் வேலைதான் என்றான். ட்ரெவர் கோபப்படவில்லை. ஏற்கெனவே விற்ற பெட்டிகள் எல்லாவற்றையும் திருப்பிக் கூப்பிட வேண்டியிருக்குமே, அதை யோசித்தாயா என்று கேட்டார். அப்புறம் கிரிஜாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். விசா விஷயமாக இந்த மாதம் வக்கீலிடம் பேசுவதாகவும் சொன்னார். எல்லாம் ஒரே மூச்சில், ஒரே சிரிப்போடு.

மூன்றாவது தடவை லொறி நின்ற இடத்திலிருந்து இழுவை வண்டியில் நேராக ஷெட்டுக்கே வந்தது. பொனிபஸ் முன்சீட்டிலிருந்து இறங்கினார். வாசலில் கால் வைக்கும்போதே சத்தம் போடுவார் என்று ஈஸ்வரமூர்த்தி நினைத்தான். போட்டால் நல்லது, அந்த வேகத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்றுகூட இருந்தது. அவர் சத்தம் போடவில்லை. பானெட்டைத் திறக்கிற சாக்கில் அவனைப் பக்கத்தில் இழுத்து, பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் நிற்கிறவர்போலக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, உங்களிட்ட மறைக்கக் கூடாது. போன கிழமை டாங்கில மண்ணெண்ணெய் கலந்தனான்."

"எதுக்குங்ண்ணா?"

"சண்டை நேரம், சாமான் தடை காலத்தில எங்களுக்கு டீசல் ஏது, பெட்ரோல் ஏது? மண்ணெண்ணெயிலதானே எல்லாம் ஓடினது. குளிருக்கு டீசல் இறுகுதாக்கும், இதைக் கலந்தா இளகும் எண்டு நினைச்சிட்டன். பெரிய மோட்டு வேலை. அதாலயே நிண்டது?"

லொறி நடுங்கத் தொடங்கியது போன மாதம், இவர் மண்ணெண்ணெய் ஊற்றியது போன வாரம். ஊற்றிய அந்தக் கொஞ்சத்துக்கு எஞ்சின் இப்படிச் சாகாது. இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஈஸ்வரமூர்த்தி வாயைத் திறந்தான். அதற்குள் ட்ரெவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்துவிட்டார்.

"என்ன சொல்கிறார்?"

பொனிபஸ் சொன்னது தமிழில். ட்ரெவருக்கு அதில் ஓர் எழுத்துக்கூடப் புரியாது. குளிரில் நிற்கிறதாம் என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் தெரியவில்லையாம் என்றிருக்கலாம். ஈஸ்வரமூர்த்தி, சொன்னதைச் சொன்னபடி, ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தான்.

ட்ரெவரின் முகத்தில் மெதுவாக ஒரு நிம்மதி பரவியது. டாங்கின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "அப்படியானால் நம் உத்தரவாதம் இதோடு முடிந்தது. பெட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவர் மொழியிலேயே நீ சொல்லிவிடு, நன்றாகப் புரியட்டும்" என்று சொல்லிவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார்.

"மண்ணெண்ணெய் ஊத்துனதாலதாங்ண்ணா," என்றான் ஈஸ்வரமூர்த்தி. அவர் முகத்தைப் பார்க்காமல் ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அப்ப பெட்டியில பிழையில்லை?"

"இல்லீங்ண்ணா. பெட்டி நல்லாத்தான் இருக்குது."

பொனிபஸ் நீளமாக மூச்சு விட்டார். "நல்ல காலம். நேற்று ராவு மாக்கிறேட்டிட்ட உங்களைத் திட்டிப்போட்டன் தம்பி. படிச்ச பெடியன் எங்களை ஏமாத்திப்போட்டான் எண்டு வாய்க்கு வந்தபடி சொல்லிப்போட்டன். மனசில வைச்சிருக்காதையுங்கோ." ட்ரெவரைப் பார்த்து, "சொறி போஸ், மை மிஸ்ரேக்," என்றார். ட்ரெவர் பெருந்தன்மையாக அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அன்று வீட்டுக்கு வந்தவன் சாப்பாட்டுத் தட்டு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தான். கிரிஜா நோண்டி நோண்டிக் கேட்கவும் சொல்லிவிட்டான்.

"அட கடவுளே! அந்த மனுசன் உங்களையில்லங்க நம்புனாரு."

"விசா கைக்கு வந்துரட்டும் கிரிஜா. நேராப் போயி எல்லாத்தையும் சொல்லீர்றேன்."

"அப்ப சொன்னா அவருக்கு லாரி திரும்ப வந்துருமா?"

அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். அவள் மேலே கேட்கவில்லை. விசா இல்லாவிட்டால் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியது அவளும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சேர்த்துத்தான். அது அவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பாத்திரம் கழுவினார்கள்.

அதற்குப் பிறகு மாக்கிறேட் அக்கா போன் செய்தால் கிரிஜா எடுப்பதில்லை. கேட்டால் தலைசுற்றல் என்றாள். பொனிபஸுக்குக் கிடங்கு வேலை போய்விட்டது என்று யாரோ சொல்லித் தெரிந்தது. வேலை போனால் லொறிக்குத் தவணை கட்ட வழியில்லை, பைனான்ஸ்காரர்கள் வந்து கொண்டுபோய்விட்டார்கள். ஷெட்டில் ட்ரெவர் ஈஸ்வரமூர்த்திக்குத் தனி அறை கொடுத்தார். செப்டம்பரில் விசா வந்தது. அன்று கிரிஜா அழுதாள், சந்தோஷத்தில்தான் என்று சொன்னாள். இந்தச் சனிக்கிழமை போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று அவன் நினைத்துக்கொண்டான். அந்தச் சனிக்கிழமை மழை. அடுத்ததில் டாக்டர். அப்புறம் சனிக்கிழமைகளை நினைக்காமலிருக்கப் பழகிவிட்டான்.

பொனிபஸைப் பார்த்தது கிரெய்கிபர்ன் ஷாப்பிங் சென்டரின் கார் நிறுத்துமிடத்தில். கிரிஜாவுக்கு நிறைமாதம். வாங்கிய சாமான்களை ட்ரொலியில் தள்ளிக்கொண்டு இருவரும் வந்தபோது, பளீரென்ற மஞ்சள் மேற்சட்டை போட்ட ஒருவர், ஆளுக்கு ஒரு மூலையில் விட்டுப்போன ட்ரொலிகளையெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று செருகி, நீளமான வரிசையாக மூச்சுவாங்கத் தள்ளிக்கொண்டு வந்தார். ஈஸ்வரமூர்த்தி சட்டென்று கார்களுக்கிடையில் புகுந்துவிடப் பார்த்தான்.

"தம்பி! ஈஸ்வரமூர்த்தித் தம்பி!"

தப்பிக்க இடமில்லை. பொனிபஸ் வரிசையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். கிரிஜாவின் வயிற்றைப் பார்த்துவிட்டு, "மாதாவே! மாக்கிறேட்டுக்குச் சொல்லவே இல்லையே பிள்ளை!" என்றார். பக்கத்தில் ஒரு வெள்ளை லொறியில் சாய்ந்து நின்றவரைக் கைதட்டிக் கூப்பிட்டார். "ஆனந்தராஜா, இஞ்ச வா! இவர்தான் நான் சொன்ன அந்தத் தம்பி."

ஆனந்தராஜா பொனிபஸைவிட வயது குறைந்தவர். அதே கிடங்குக்குத்தான் அவரும் லொறி ஓட்டுகிறார்.

"இவனுக்கும் பெட்டி பூட்டச் சொல்லிக் கிடங்கில கடிதம் குடுத்திட்டாங்கள்," என்றார் பொனிபஸ். "இவன் பயப்பிடுறான். என்ர லொறி போனதைப் பாத்திட்டுப் பயப்பிடுறான். நான் சொல்லுறன், அது பெட்டியில பிழையில்லையடா, நான் பாத்த மோட்டு வேலை எண்டு. நம்புறானில்லை. நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ."

"மூண்டு பிள்ளையள் அண்ணை," என்றார் ஆனந்தராஜா ஈஸ்வரமூர்த்தியிடம், தன்னைவிடச் சின்னவன் என்பதையும் மறந்து. "லொறி நிண்டா எல்லாம் நிண்டுடும். நீங்கள் படிச்சனீங்கள். பூட்டலாமே?"

விசா வந்துவிட்டது. ட்ரெவர் பக்கத்தில் இல்லை. மூன்று பேரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இப்போது உண்மையைச் சொன்னால், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று பொனிபஸ் கேட்பார். கேட்காமல் வெறுமனே பார்த்தாலும் பார்ப்பார். கிரிஜா மெதுவாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பூட்டலாங்க," என்றான் ஈஸ்வரமூர்த்தி. "டீசல் மட்டும் சுத்தமா ஊத்துங்க."

"கேட்டியே?" பொனிபஸ் ஆனந்தராஜாவின் தோளில் தட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "நான் படிச்ச பாடம் உனக்காவது உதவட்டும். திங்கக்கிழமையே கொண்டுபோய் விடு."

ஆனந்தராஜா போனை எடுத்து ஈஸ்வரமூர்த்தியின் நம்பரைக் கேட்டார். ஈஸ்வரமூர்த்தி ஒவ்வோர் எண்ணாகச் சொன்னான். அதற்குள் பொனிபஸ் அவன் கையிலிருந்த ட்ரொலியைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாங்ண்ணா, நான் தள்ளிக்கிறேன்."

"விடுங்கோ தம்பி. பிள்ளையைப் பிடிச்சுக் கவனமா நடத்திக்கொண்டு வாங்கோ. இது என்ர வேலைதானே."

அவர் முன்னால் தள்ளிக்கொண்டு போனார். காரின் பின்கதவைத் திறந்து, அரிசி மூட்டையை அடியில் வைத்து, முட்டை அட்டையை நசுங்காமல் ஓரமாக ஒதுக்கி, ஒவ்வொரு பையாக எடுத்து அடுக்கினார். வெறும் கையோடு ஈஸ்வரமூர்த்தி பக்கத்தில் நின்றான். கதவை மூடியதும் பொனிபஸ் காலி ட்ரொலியைத் திருப்பிக்கொண்டுபோய்த் தன் வரிசையின் முனையில் செருகி, குனிந்து, மறுபடியும் தள்ளத் தொடங்கினார்.