பூட்டிய கழிப்பறையும் ஒரு நாள் கருத்தரங்கும்

அந்த வாரம் முழுக்கத் தையலக்காவுக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்கு இரண்டு பக்கமும் இடது கையை வைத்துத் தைத்துவிட்டு, பிரித்துப் போட்டுக்கொண்டே சட்டையைத் திட்டினாள். பாவம், சட்டை என்ன செய்யும்? அந்தத் திட்டுக்கு உரியவர்கள் திருச்சபைக் கமிட்டியில் பதினொரு பேர் இருந்தார்கள். பன்னிரண்டாவது ஆள் அவள். அந்தக் கமிட்டியில் ஒரே பொம்பளையும் அவள்தான்.

விஷயம் அவள் தங்கை மகளைப் பற்றியது. வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தாலும் வாலு என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். இருபத்து மூன்று வயது. ஓட்டல்களில் சாப்பாட்டை வாங்கி ஸ்கூட்டரில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. காலை பத்து மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு எட்டாகும். அத்தனை வீட்டு வாசலுக்கும் போகிற பெண்ணுக்கு ஒதுங்க ஓர் இடம் கிடையாது. ஓட்டல்காரர்கள், "அது சாப்பிட வர்றவங்களுக்கு" என்று கையை விரித்துவிடுவார்கள். கூட வேலை செய்கிற பையன்களுக்கு ஒரு சுவர் கிடைத்தால் போதும். இவள் என்ன செய்வாள்? தானாக ஒரு வழி கண்டுபிடித்தாள். காலையில் அரை டம்ளர் காபி. அதற்குப் பிறகு வீடு வரும்வரை சொட்டுத் தண்ணீர் தொடுவதில்லை.

உடம்பு எத்தனை நாள் பொறுக்கும்? முதலில் எரிச்சல், பிறகு காய்ச்சல், பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர முடியாத வலி. கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டது என்றார் டாக்டர். இன்னொரு முறை வந்தால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதுதான் என்றார்.

மாத்திரை வாங்கப் பெரியம்மாவும் மகளும் ஆலயத்துக்கு எதிரே இருந்த மருந்துக்கடைக்குத்தான் போனார்கள். கடைக்காரர் சபைக்குச் செக்ரட்டரி. நல்ல மனிதர், யாருக்கும் மருந்து இல்லை என்று சொன்னதில்லை.

"தண்ணி நிறையக் குடிக்கணும்மா. மூணு லிட்டர். முக்கியமா அடக்கவே கூடாது" என்றார். சொன்னதோடு விடாமல் மாத்திரைக் கவரின் மேலேயும் எழுதிக் கொடுத்தார்.

"எங்க போறது அங்கிள்?" என்றாள் வாலு.

அவர் அடுத்த சீட்டைக் கையில் வாங்கிவிட்டார்.

எங்கே போவது என்று தையலக்காவுக்குத் தெரியும். கடையிலிருந்து பார்த்தாலே தெரியும். ஆலயத்தின் பின்பக்கம் போன வருஷம் கட்டிய கழிப்பறைகள்: வெள்ளை ஓடு, நிலைக்கண்ணாடி, கைப்பை மாட்ட ஆணி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் திறந்திருக்கும். மற்ற நாளெல்லாம் பூட்டு. சாவி செக்ரட்டரியின் கொத்தில். ஆலயம் இருப்பதோ ஓட்டல்கள் வரிசையாக இருக்கிற தெரு. மதிற்சுவர் நிழலில் எந்நேரமும் இருபது ஸ்கூட்டராவது ஆர்டருக்குக் காத்து நிற்கும். அதில் நாலைந்து பேர் பெண்கள்.

"பகல்ல ஒரு கதவை மட்டும் திறந்து வைப்போம்" என்றாள் தையலக்கா கமிட்டியில். இவ்வளவுதான் அவள் கேட்டது.

முதல் கூட்டத்தில், "நல்ல யோசனைக்கா, ஆனா இது கட்டடக் குழு பார்க்க வேண்டியது" என்று அங்கே தள்ளினார்கள். கட்டடக் குழு, "பெண்கள் விஷயம், பெண்கள் ஐக்கியம் முடிவு பண்ணட்டும்" என்றது. பெண்கள் ஐக்கியத்தில், "வெளி ஆளுங்க வந்து போனா யாரு கழுவுறது?" என்று ஒருத்தி கேட்டாள். "நான் கழுவுறேன்" என்றாள் தையலக்கா. உடனே எல்லாருக்கும் தர்மசங்கடமாகிவிட்டது. "பாஸ்டர் என்ன சொல்றாரோ" என்று முடித்தார்கள். பாஸ்டர் இளைஞர், முகம் வாடாமல் கேட்டுக்கொண்டு, "கமிட்டியில வையுங்கக்கா, எனக்கு ஆட்சேபணையே இல்ல" என்றார்.

மறுபடியும் கமிட்டி.

"இன்னைக்குப் பாத்ரூமுக்கு வருவாங்க, நாளைக்கு ஹால்ல படுப்பாங்க" என்றார் ஒரு பெரியவர்.

"படுத்தா என்ன? பிரசங்கத்துல நாமளே படுக்காத குறையாத்தான தூங்குறோம்" என்றாள்.

பாதிப் பேர் சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஒத்திப்போட்டார்கள். அந்த மாதம் அவர்களுக்குப் பெரிய வேலை இருந்தது: ஒரு நாள் கருத்தரங்கு. தலைப்பு, 'மாறிவரும் கலாச்சாரத்தில் திருச்சபை'. பேனரில் உலக உருண்டை, அதன்மேல் ஒரு சிலுவை, பக்கத்தில் ஒரு செல்போன்.

"இதுவும் அதே விஷயம்தான அண்ணே? பொம்பளப் பிள்ளைங்க ரோட்டுல வண்டி ஓட்டிப் பிழைக்குற காலம் வந்துடுச்சு. இது மாற்றம் இல்லையா?" என்று செக்ரட்டரியிடம் கேட்டாள்.

"அது கலாச்சாரம் இல்ல தையலக்கா. அது சுகாதாரம்" என்றார் அவர்.

கருத்தரங்கு அன்று காலை வாலுவுக்குப் போன் போட்டாள்.

"கண்ணு, இன்னைக்கு இங்க கேட்டு, பாத்ரூம் எல்லாம் நாள் பூரா திறந்துதான் இருக்கும். பயப்படாம தண்ணி குடி. நான் பார்த்துக்குறேன்."

"நிஜமாவா பெரியம்மா? நம்பிக் குடிக்கலாமா?"

"குடிடி."

ஆனால் வந்து பார்த்தால் கழிப்பறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'இடைவேளையில் மட்டும் திறக்கப்படும்.' கேட்டு திறந்திருப்பதால் வெளியாட்கள் புகுந்துவிடக் கூடாது என்று முன்யோசனை. தையலக்கா உடனே வாலுவுக்குப் போன் போட்டாள்; வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவள் எடுக்கவில்லை. சாப்பாட்டு இடைவேளை ஒரு மணிக்கு. அதற்குள் வாலு வந்துவிடாமல் இருக்க வேண்டுமே என்று தையலக்கா மாடி ஹாலில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடையில் வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் திரையில் காலி பெஞ்சுகளின் படத்தைக் காட்டி, "நம் இளைஞர்கள் எங்கே?" என்று கேட்டார். ஹாலில் அறுபது பேர். இளைஞர் அணித் தலைவருக்கு வயது ஐம்பத்து நாலு. அவர்தான் குனிந்து அதைக் குறிப்பெடுத்தார். அறுபது சாப்பாட்டுக்குப் போனிலேயே ஆர்டர் கொடுத்திருந்தவரும் அவரே. சபையும் காலத்தோடு போக வேண்டும் இல்லையா?

ஒரு மணி ஆயிற்று. பேச்சாளர், "முடிவாக" என்றார். ஒன்று இருபதுக்கு, "இறுதியாக" என்றார். அப்போது மாடிப்படியில் மூன்று பேர் பொட்டலப் பைகளோடு ஏறி வந்தார்கள். மூன்றாவது ஆள் வாலு.

பையை வைத்துவிட்டு நேராகப் பெரியம்மாவிடம் வந்தாள். முகம் வெளுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"கீழ பூட்டியிருக்கு பெரியம்மா. ஒரு பாட்டில் முழுக்கக் குடிச்சிட்டேன். முடியல."

"ரெண்டு நிமிஷம் நில்லு. அசையாத."

தையலக்கா ஹாலின் நடுவே நடந்தாள். செக்ரட்டரி பேச்சாளருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. மேடை ஓரத்துக்கே போய்விட்டாள்.

"சாவி குடுங்க அண்ணே."

"எந்தச் சாவி?" மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் முன்னால் இருந்த மைக்கில் அது ஹால் முழுக்கக் கேட்டது.

"பொம்பளைங்க பாத்ரூம் சாவி."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"அவசரமாக்கா உங்களுக்கு?" என்றார் செக்ரட்டரி.

"எனக்கு இல்ல. சாப்பாடு கொண்டாந்த பொண்ணுக்கு."

செக்ரட்டரி பேச்சாளரைப் பார்த்தார். பேச்சாளர் பெருந்தன்மையாகச் சிரித்து, "கடைசிப் பாயிண்ட்தாம்மா, அஞ்சே நிமிஷம்" என்றார்.

"அஞ்சு நிமிஷம் நீங்க பேசலாம் ஐயா. அவளால அடக்க முடியாது."

செக்ரட்டரி குனிந்து பல்லைக் கடித்தார். "அக்கா, இது முறையா? இடைவேளை விட்டதும் திறக்கத்தான போறோம். ஒரு டெலிவரிப் பொண்ணுக்காகக் கூட்டத்தையே நிறுத்தணுமா?"

"மாத்திரைக் கவர்ல அடக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்தது நீங்கதான? அந்தப் பொண்ணுதான் இது."

மேஜைமேல் தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் சாவிக்கொத்து கிடந்தது. தையலக்கா அதை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். ஒரு சாவியைத் தேடிக் கழற்ற நேரமில்லை. ஆலயச் சாவி, ஆபீஸ் சாவி, மருந்துக்கடைச் சாவி எல்லாம் சேர்த்துத்தான் போயிற்று.

நிற்கச் சொன்ன இடத்தில் வாலு இல்லை.

படியில் இறங்கி ஓடினாள். கழிப்பறைப் பக்கம் இல்லை. கேட்டருகிலும் இல்லை. மூச்சிரைக்கப் போன் போட்டாள். பின்னால் ஹாரன் சத்தம்.

"அடுத்த ஆர்டர் விழுந்துடுச்சு பெரியம்மா. கேன்சல் பண்ணா நாளைக்குக் கம்பெனிக்காரன் ஆர்டரே குடுக்க மாட்டான். சிக்னல்ல நிக்கிறேன்."

"திரும்பி வாடி. சாவி என் கையில இருக்கு."

"எங்க வர்றது, ஊரோட அந்தக் கோடிக்குப் போறேன். பரவாயில்ல. அடக்கிக்குறேன்."

சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். தையலக்காவுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. யார்மேல் என்றுகூடப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. குடிடி என்று சொன்னது அவள்தானே?

மேலே கைதட்டல் கேட்டது. கடைசிப் பாயிண்ட் முடிந்திருக்க வேண்டும்.

அவள் பின்பக்கம் போய்ப் பூட்டைத் திறந்தாள். ஒட்டியிருந்த தாளைக் கிழித்தாள். பிறகு கேட்டுக்கு வெளியே வந்து மதிற்சுவர் நிழலைப் பார்த்துக் கத்தினாள்.

"பாத்ரூம் போகணும்னா உள்ள வாங்க! பொம்பளைங்க யாராவது இருக்கீங்களா?"

ஸ்கூட்டர்க்காரர்கள் போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒருவன், "என்னக்கா, ஜெபக் கூட்டமா?" என்றான்.

"உன்னைக் கூப்பிடல, போடா."

ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே ஒருத்தி இறங்கி வந்தாள். நாற்பது வயதிருக்கும். கேட்டுக்கு வெளியே நின்று, "எவ்வளவுக்கா?" என்று கேட்டாள்.

"எதுக்கு எவ்வளவு?"

"போறதுக்கு."

தையலக்கா அவள் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டாள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்து கழிப்பறைக்கு வெளியே நின்றார்கள். தையலக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து கதவருகே போட்டு உட்கார்ந்தாள். கொத்து மடியில் கிடந்தது.

செக்ரட்டரியும் பாஸ்டரும் வேகமாக வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கருத்தரங்குக்கு வந்த பெண்கள் நாலைந்து பேர்.

"சாவியக் குடுங்கக்கா. என் கடைச் சாவி அதுலதான் இருக்கு" என்றார் செக்ரட்டரி.

"மெதுவாப் பேசுங்க. உள்ள ஆள் இருக்கு."

உள்ளே குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பாஸ்டர் தரையைப் பார்த்தார். பிறகு வழக்கமான சாந்தத்தோடு, "அக்கா, கமிட்டியில பேசிக்குவோம். மேல எல்லாரும் பசியோட இருக்காங்க. ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிடணும்" என்றார்.

"சாப்பிடுங்க பாஸ்டர். நாளைக்கு நீங்க புதுப் பூட்டு வாங்குவீங்கன்னும் தெரியும். இன்னைக்குப் பூட்ட விட மாட்டேன்."

கருத்தரங்குப் பெண்களில் ஒருத்தி முன்னால் வந்து, "அக்கா, நான் கொஞ்சம் போயிட்டு வந்துடுறேன்" என்று கதவில் கையை வைத்தாள்.

தையலக்கா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற இரண்டு பேரையும் காட்டினாள்.

"இவங்க முன்னாடியே வந்துட்டாங்க. பின்னால நில்லும்மா."