கூரைக்கடியில் ஒரு விரற்கடை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். அன்று காலை பந்தயத் திடலில், பரிசோதகர் என் தங்கையின் காருக்குள் தலையை விட்டபோது மட்டும் பெட்டிப் பாம்பாக அடங்கி நின்றேன்.

நேர்கோட்டில் கால் மைல் ஓடுகிற பந்தயம். போன வருஷம் அவள் பத்து வினாடிக்கு மேல் எடுத்தாள். இப்போது எஞ்சினுக்கு வேகம் கூட்டும் டர்போவை மாற்றியாகிவிட்டது, ஒன்பதரைக்கு வந்துவிடும். பத்துக்குக் கீழே போகிற காருக்குள் இரும்புக் குழாய்க் கூண்டு கட்டாயம். கார் குட்டிக்கரணம் அடித்தால் கூரை தலையில் இறங்காமல் தாங்குவது அதுதான். கூண்டில் ஒவ்வொரு இணைப்பும் சுற்றிவர வெல்டிங் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஓடக்கூடாது. கூண்டைக் கட்டியவன் நான்.

இந்த மகா கெட்டிக்காரன் செய்த காரியத்தைக் கேளுங்கள். கூண்டின் தலைப்பக்கம் கூரைத் தகட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நிற்கும். அந்த இடுக்கில் வெல்டிங் துப்பாக்கி நுழையாது. அதனால் காரின் தரையில் ஓட்டை போட்டு, கூண்டை ஒரு சாண் கீழே இறக்கி, தலைப்பக்கத்தை முடித்துவிட்டு, பிறகு மேலே தூக்கிக் கால்களைப் பற்றவைக்க வேண்டும். இருபது வருஷமாகச் செய்கிற வேலை. அன்றைக்கு எவனோடோ போனில் சண்டை போட்டுவிட்டு, அந்த ஆத்திரத்தோடே கால்களை முதலில் பற்றவைத்துத் தொலைத்தேன்! நிமிர்ந்து பார்த்தபோதுதான் உறைத்தது. முன்கண்ணாடிக்கு மேலே இரண்டு மூலையிலும் கீழ்ப்பாதி வெல்டிங், மேல்பாதி வெறும் விரிசல்.

அறுத்துவிட்டு மறுபடி செய்ய நேரமா இல்லை? பதினோரு நாள் இருந்தது. மானம்தான் குறுக்கே நின்றது. பெயின்ட் அடித்து, ஸ்பாஞ்சு உறையைச் சுற்றி, விஷயத்தைப் பூசி மெழுகிவிட்டேன்.

பரிசோதகர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். குழாயின் கனத்தை அளந்தார், பெல்ட்டில் தேதி பார்த்தார், தீயணைப்பானை ஆட்டிப் பார்த்தார். கடைசியில் அந்த உறையை அழுத்தினார்.

"மேல சுத்திவர வெல்டிங்தானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள். "எங்க அண்ணன் கட்டினது சார். சாப்பாட்டுல உப்பு இருக்கான்னு கேட்டாலே சண்டைக்கு வருவாரு. வெல்டிங்ல கேட்டா உங்களை அடிச்சுடுவாரு."

அவர் சிரித்துவிட்டார். "இவர் வேலையை எனக்குத் தெரியாதாம்மா? பிரிச்சுப் பார்க்க வேண்டாம்" என்று அனுமதிச் சீட்டைக் கண்ணாடியில் ஒட்டினார். நாசமாய்ப் போன என் நல்ல பெயர்!

வரிசையில் அவளுக்கு முன்னால் இரண்டே கார்கள். தினமுமா கவிழ்கிறது, ஒரே ஒரு ஓட்டம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் கார் பாய்ந்தது. பாதி தூரத்தில் அதன் வால் துள்ளி, சுவரை உரசப் போய், எப்படியோ நேரானது. சுற்றிலும் எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த கார் கோட்டுக்குப் போனதும் நான் தடுப்பைத் தாண்டி ஓடினேன். காவலாள் கத்தியது காதில் ஏறவில்லை.

ஹெல்மெட்டுக்குள் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வாழ்த்துச் சொல்ல வந்தேன் என்று நினைத்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். ஜன்னலின் பாதுகாப்பு வலையை அவிழ்த்து, கையை உள்ளே விட்டு, ஸ்பாஞ்சைப் பிய்த்து எறிந்தேன். அவள் கையுறையை உருவி, விரலைப் பிடித்து அந்த மூலையின் மேல் பக்கம் வைத்தேன். விரல் மெதுவாக நகர்ந்து, விரிசலில் நின்றது.

எஞ்சினை அணைத்தாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"கட்டின அன்னிக்கே."

"சரி."

"திட்டு. நாலு அறை விடு. இப்படிப் பார்க்காதே, தாங்க முடியலை" என்றேன்.

அவள் பார்வையைப் பக்கத்து இருக்கைக்குத் திருப்பினாள். "போன ஞாயித்துக்கிழமை என் பாப்பா அடம்பிடிச்சான்னு இங்க உட்கார வச்சு ஓட்டிப் பார்த்தேன். அவளுக்கு நீதானே பெல்ட் மாட்டிவிட்ட?"

"மெதுவா போன்னு சொன்னேனே..."

"சொன்ன. ஏன்னு சொல்லலை."

பெல்ட்டை அவிழ்த்து இறங்கினாள். பின்னால் நின்ற கார்கள் ஹாரன் அடித்தன. கதவுத் தூணில் தோளைக் கொடுத்து, ஒற்றை ஆளாகக் காரை வரிசையிலிருந்து வெளியே தள்ளத் தொடங்கினாள். நான் ஓடிப் போய்ப் பின்பக்கம் கை வைத்தேன்.

திரும்பாமலே சொன்னாள். "கையை எடு."

எடுத்தேன்.